காவல் கேமராவுக்கு எந்தக் கார்டு?

வீட்டுக்காரர் வளைகுடாவில், இங்கே மாமியார், குழந்தைகள், நாம். எங்கள் சிக்கல் பக்கம் இப்படி எத்தனையோ வீடுகள்! சகோதரிகளே, வாசலில் கேமரா மாட்டினால் மட்டும் போதாது. அதைப் பதிவு செய்வதையும் பார்த்து வாங்கணும்.

* பழைய கம்ப்யூட்டரில் வீடியோ கேப்சர் கார்டு பொருத்துவதானால், "வினாடிக்கு மொத்தம் எத்தனை படம்?" என்று கேளுங்கள். நான்கு கேமராவுக்கும் சேர்த்து 25 என்றால், ஒன்றுக்கு ஆறுதான். படம் தாவித் தாவி வரும். 100 என்றால் சீராக ஓடும்.

* பழைய கார்டில் புது ஹெச்.டி. கேமரா தெரியாது. கம்ப்யூட்டரும் இரவு பகலாக ஓடணும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு டி.வி.ஆர். பெட்டியே சுலபம். ஐ.பி. கேமரா என்றால் என்.வி.ஆர்.

* ஒரு கேமரா 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் நாளுக்குச் சுமார் 22 ஜி.பி. ஆகும். நான்குக்கு 1 டி.பி. டிஸ்க் பதினோரு நாள் தாங்கும். ஊருக்குப் போய்த் திரும்பும் நாட்களைக் கணக்குப் பண்ணி வாங்குங்கள்.

* உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். மூடிய பெட்டிக்குள் வையுங்கள். கரண்ட் போனாலும் ஓட யு.பி.எஸ். தேவை.

* பெட்டியை டி.வி. பக்கத்தில் வைக்காதீர்கள், வருகிற திருடன் அதையும் தூக்கிப் போய்விடுவான்! காற்றோட்டமுள்ள மறைவிடமே நல்லது.

* கடைக்காரர் போட்ட பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். நம் வீட்டு வாசலை நாம் மட்டும் பார்த்தால் போதுமே!