கல்லா இல்லாத கடை

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2018 ஜனவரியில் அமேசான் நிறுவனம் ஒரு விந்தைக் கடையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. கல்லா இருக்கவில்லை, பில் போட ஆளும் இருக்கவில்லை. யார் எதை எடுக்கிறார் என்பதைக் கூரையிலிருந்த கேமராக்கள் கவனித்தன. கடையை விட்டு வெளியேறியதும் அவர் கணக்கில் பணம் கழிந்தது.

படித்தால் சிறு வணிகருக்குக் கலக்கம் வருவது இயல்பே. ஆனால் 2024-ல் அதே நிறுவனம், அமெரிக்காவிலுள்ள தனது பெரிய மளிகைக் கடைகளிலிருந்து இந்த ஏற்பாட்டை நீக்குவதாக அறிவித்தது. பொருளை எடுக்கும்போதே தொகையையும் பார்க்க மக்கள் விரும்பினார்களாம்! அதற்காகக் கணக்குக் காட்டும் டிராலியைக் கொண்டுவந்தது.

வணிக நண்பர்களே, வாடிக்கையாளருக்குக் காத்திருக்கவும் பிடிப்பதில்லை. கணக்குத் தெரியாமல் பணம் கொடுக்கவும் பிடிப்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் விலை எழுதி, கூட்டிக் காட்டி, சிட்டையைக் கையில் கொடுப்போம். மாதத் தொடக்கக் கூட்டத்தில் சிட்டை போட இன்னும் ஒருவரை உட்கார வைப்போம்.