ஓரெழுத்தால் முடங்கும் ஓய்வூதியம்

தொழிலாளியின் கூலியிலிருந்து திங்கள்தோறும் பிடிக்கப்பெறும் பணம் எவரோ அவனுக்கு இட்ட கொடையன்று. அவன் வியர்வையே அங்குப் பணமாகிச் சேர்கின்றது. வைப்புநிதித் திட்டப்படி அவன் பங்காகப் பொதுவில் நூற்றுக்கு 12 பிடிக்கின்றனர். முதலாளியின் பங்கிலிருந்து நூற்றுக்கு 8.33, உருபா 15,000 என்னும் கூலி வரம்புக்குட்பட்டு, 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்துக்குச் செல்கின்றது. 10 ஆண்டுப் பணியும் 58 அகவையும் நிரம்பியவர்க்கு அத்திட்டம் ஓய்வூதியம் தருகின்றது. 2014-இல் அதன் குறைந்த அளவு திங்களுக்கு உருபா 1,000 என்று வரையறுக்கப்பட்டது. ஆயிரம் உருபா ஒரு முதியவரின் மருந்துக்குக் காணுமா என்பது தனி வழக்கு. அந்த ஆயிரமும் கைக்கு வருமுன் அவர் தம் பெயரை மெய்ப்பித்தாக வேண்டும். அதையும் தமிழெழுத்தில் அன்று, உரோம எழுத்தில் மெய்ப்பித்தாக வேண்டும் என்பதே இங்கு எடுத்துரைக்கத் தக்கது.

இப்பணிகள் யாவும் இணையத்துக்குச் சென்றமை தீதென்று எவரும் சொல்லார். 2014-இல் உறுப்பினர் ஒவ்வொருவர்க்கும் ஒரு பொதுக் கணக்கெண் வழங்கத் தொடங்கினர். ஆலை மாறினும் எண் மாறாது. கணக்கேட்டை அலைபேசியிலேயே காணலாம். கூலியில் பணத்தைப் பிடித்துக்கொண்டு நிதியில் கட்டாமல் ஏய்க்கும் முதலாளியை அத்திங்களிலேயே கண்டுகொள்ளலாம். முன்னாளில் இதனை அறியத் தொழிலாளி ஒரு நாட்கூலியை இழந்து அலுவலகப் படியேற வேண்டியிருந்தது. கருவி நல்லதே. ஆனால் அக்கருவிக்குத் தமிழன் பெயரைப் படிக்கத் தெரியவில்லை.

தமிழனுக்குக் குடிப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிட்டுத் தன் பெயரை எழுதுவது அவன் வழக்கம். வருமானவரி அட்டைக்குரிய படிவமோ குடிப்பெயர் கேட்கின்றது. வேறு வழியின்றித் தந்தை பெயரை அவ்விடத்தில் இட்டு நிரப்புகின்றனர். ஆதாரில் முன்னெழுத்து மட்டும் இருக்கும்; அதுவும் ஒருவர்க்குப் பெயருக்கு முன்னும் இன்னொருவர்க்குப் பின்னும் இருக்கும். ஆலைப் பதிவேட்டில் அதுவுமிராது. பெண்ணின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மணத்துக்குமுன் தந்தையின் எழுத்து. பின்னர்க் கணவனின் எழுத்து. கணவன் இறந்தபின் ஓய்வூதியம் கேட்டு வரும் கைம்பெண், பழைய ஏட்டில் உள்ளவளும் தானும் ஒருத்தியே என்று சான்று காட்டி நிற்கின்றாள்.

முன்னெழுத்தின் கதை இதுவென்றால் பெயரின் கதை அதனினும் கொடிது. பொன்னழகி என்பது எவ்வளவு எளிய பெயர்! தமிழில் அதனை ஒரே வகையாகத்தான் எழுதவியலும். உரோம எழுத்தில் எழுதப் புகுந்தால், ழகரத்துக்கு ஓர் எழுத்தர் 'எல்' இடுவார். மற்றவர் 'இசட்', 'எச்' என்னும் இரண்டை இடுவார். ககரத்துக்கு ஒருவர் 'கே', இன்னொருவர் 'சி'. ஒருத்தியே நான்கு பெண்களாகி விடுகின்றாள். கணிப்பொறிக்கு ஒலி தெரியாது. எழுத்தை எழுத்தோடு ஒட்டிப் பார்த்து, ஒட்டவில்லையென்று தள்ளிவிடும்.

இதனால் விளையும் கேடு காலத்தாழ்வு மட்டுமன்று. கோவைப் பக்கத்து நூற்பாலையொன்றில் ஒருத்தி 6 ஆண்டு உழைத்தாள் என்றும், பின்னர்த் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிற்சாலையொன்றில் 5 ஆண்டு உழைத்தாள் என்றும் கொள்க. இரண்டும் சேர்ந்தால் 11. அவளுக்கு வாழ்நாள் முழுமைக்கும் ஓய்வூதியம் உண்டு. இரு ஆலைகளிலும் பெயர் இரு வகையாகப் பதிந்து, எண்ணும் இரண்டாகி, அவை ஒன்றுசேராது நின்றால் 6-உம் 10 ஆகாது, 5-உம் 10 ஆகாது. ஒரு சிறு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவர். பதினோராண்டு உழைப்பின் பயனை ஒரு ழகரம் விழுங்கிவிடுகின்றது. அந்த ழகரத்தையும் அவளா பிழையாக எழுதினாள்? எவனோ ஓர் எழுத்தன் ஒரு மணித்துளியில் தட்டிவிட்டுப் போனான்.

திருத்த வழியில்லையா எனின், உண்டு. தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழியால் திருத்தலாம். 2025 சனவரியில் அது சற்று எளிதாக்கவும்பட்டது. 2017 அக்தோபர் முதல் நாளுக்குப்பின் ஆதாரோடு இணைத்து எண் பெற்றவர்கள் பெயர், பிறந்தநாள் முதலியவற்றை முதலாளியின் ஒப்புதலின்றித் தாமே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம் என்றனர். நன்று. எனினும் இன்று ஓய்வூதியம் கேட்டு நிற்கும் முதியோருள் மிகப்பலர் அதற்கு முன்னரே எண் பெற்றவர். அவர்க்கு முதலாளியின் துணை வேண்டும். ஆலையே மூடிக்கிடந்தால் எவர் வந்து ஒப்பமிடுவார்? தகுதியுடைய அலுவலரின் மேலொப்பம் தேடி அலைய வேண்டியதுதான்.

இத்தனை அலைச்சலுக்கும் மருந்து கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளது. ஆதார் அட்டையில் தமிழ்நாட்டார் பெயர் தமிழிலும் அச்சாகின்றது. (அத்தமிழையும் பொறி ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெழுதியதால் பலர் பெயர் அங்கேயே சிதைந்து கிடப்பது வேறு வேடிக்கை.) அத்தமிழ்ப் பெயரையே அடிப்படைப் பதிவாகக் கொண்டு, ஆலையின் தமிழ்ப் பதிவோடு ஒட்டிப் பார்த்தால் நான்கு பொன்னழகிகளும் மீண்டும் ஒருத்தியாவர். கணிப்பொறிக்குத் தமிழ் வாராதென்று சொல்லுதற்கும் இடமில்லை. இருப்புத்தொகையைக் குறுஞ்செய்தியில் கேட்போர், தமிழைக் குறிக்கும் மூன்று எழுத்துகளையும் உடன்சேர்த்து அனுப்பினால் விடை தமிழில் வரும் என்று வைப்புநிதி நிறுவனமே ஏற்பாடு செய்தது. தொகையைத் தமிழில் சொல்லக் கற்ற பொறிக்குப் பெயரைத் தமிழில் ஏற்கவும் கற்பிக்கலாம். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் உரியன என்று தாமே கூறுகின்றன. இந்தியைத் தடுத்த அந்த வரம்பு, ஒழிந்த இடத்தில் தமிழை வைக்கவில்லை, ஆங்கிலத்தையே வைத்தது.

ஆண்டுதோறும் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றின் நிலையும் ஏறத்தாழ இதுவே. 2014 நவம்பரில் நடுவணரசு அதனை இணையத்துக்குக் கொண்டுவந்தபோது 'சீவன் பிரமாண்' என்று வடமொழிப் பெயரிட்டது. மூதாட்டிக்கு அச்சொல் எதனை உணர்த்தும்? சுண்ணாம்பிலும் நூலிலும் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்க மறுத்தமையால், 2021 முதல் முகத்தைக் காட்டியும் சான்று தரும் வழி வந்தது. அதனைப் போற்றலாம். தமிழ்நாட்டரசு தன் பணியாளர்க்கும் ஓய்வூதியர்க்கும் அமைத்த செயலிக்குக் 'களஞ்சியம்' என்று பெயர் சூட்டியது. அப்பெயரைச் சொன்ன அளவிலேயே பொருள் விளங்குகின்றது.

மொழி விளங்காதவர் பிறர் கையை நம்ப வேண்டியவராகின்றார். கடைக்காரரிடம் அலைபேசியைக் கொடுத்து, ஒருமுறைக் கடவுச்சொல்லையும் வாய்விட்டுச் சொல்லி, என்ன பதிந்தார் என்பதறியாமல் திரும்பும் முதியோர் பலர். ஏமாற்றுவோர்க்கு இதனினும் நல்ல வாயில் வேண்டுமா? அரசு தமிழுக்கு இடந்தரும் நாள்வரை காத்திராமல், படித்த தமிழிளைஞர் தம் தெருவிலுள்ள தொழிலாளரின் ஏடுகளை இப்போதே எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஆதார், வைப்புநிதி, வங்கி, வருமானவரி அட்டை ஆகிய நான்கிலும் பெயரும் பிறந்தநாளும் ஒத்துள்ளனவா? எண் இரண்டாகப் பிரிந்துள்ளதா? தொழிலாளிக்குப்பின் பணம் பெறவேண்டிய மனைவியின் பெயர் எந்த முன்னெழுத்தோடு உள்ளது? 57 அகவையில் கண்ட பிழையைத் திருத்த ஓராண்டு கிடைக்கும். ஆலைக் கதவும் அதுவரை திறந்திருக்கும்.