ஜிம்முக்குக் காசில்லையா... வீட்டுச் சுவர் இருக்கே!

வாடகை, ஸ்கூல் ஃபீஸ், மளிகை என்று பட்ஜெட் இடிக்கும்போது, நாம் முதலில் கைவைப்பது நம் உடம்புக்கான செலவில்தான். கவலை வேண்டாம், ஜிம் இல்லாமலும் ஃபிட்டாக இருக்கலாம்.

பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, கூடவே 2 நாள் தசைப்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 நாள், தினமும் 30 நிமிட வேகநடை போதும், முதல் கணக்கு முடிந்தது. பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

பலரும் விட்டுவிடுவது இரண்டாவதைத்தான். மாடி ஏற, குடம் தூக்கக் கைகொடுப்பது தசை வலுதானே! நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கையூன்றி புஷ்-அப், தண்ணீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டிலைத் தூக்குவது... தலா 10 முறை, 2 சுற்று செய்யுங்கள். மூட்டுவலி, பி.பி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.