படியெடுப்பதும் படிப்பே

பழைய பந்தயக் கார் ஒன்றைப் பார்த்து அதே போல் புதிதாக ஒன்றைச் செய்வது; அதற்குரிய எஞ்சினையும் விலைக்கு வாங்காமல் நாமே வார்த்துக் கடைந்து பூட்டுவது. நம் மன்றத்தின் அறிவியல் பிரிவு மாணவர் சிலர் இந்த எண்ணத்தைச் செயற்குழுவின் முன் வைத்த நாள்முதல் விடுதியிலும் உணவுக் கூடத்திலும் இதே பேச்சாக இருக்கிறது. ஆண்டு விழாவுக்கெனச் சேரும் தொகையில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாமா, கூடாதா என்பதைப் பொதுக்கூட்டம் முடிவு செய்ய வேண்டும். “தமிழ் மன்றத்துக்கும் காருக்கும் என்ன தொடர்பு?” என்று சிலர் கேட்கின்றனர். “செத்துப்போன காருக்கு உயிர் கொடுப்பானேன்?” என்று வேறு சிலர் நகைக்கின்றனர். ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதை நண்பர்கள் முன் வைக்கிறேன். பொறுமையுடன் படித்து, பிறகு மறுக்க விரும்புவோர் மறுக்கட்டும்.

முதலில், படியெடுக்க நினைக்கும் கார் எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1956ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் ‘லெவன்’ என்றொரு சிறிய பந்தயக் காரை வெளியிட்டது. மெல்லிய எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு. அதன்மேல் அலுமினியத் தகடு. அந்த மேனியின் வடிவத்தை வகுத்தவர் ஃபிராங்க் காஸ்டின். அவர் டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தில் பணியாற்றியவர். காற்றைக் கிழித்துச் செல்லும் கலையை விமானத்திலே கற்றவர். காரின் எடை ஏறத்தாழ 450 கிலோதான். 1957இல் லெ மான் 24 மணிப் பந்தயத்தில் இந்தச் சின்னஞ்சிறு கார் 1100 சி.சி. வகுப்பில் வென்றது.

இக்காரின் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதே நாம் கருத வேண்டிய செய்தி. அது பந்தயத்துக்கெனப் பிறந்ததன்று. தீயணைக்கும் பம்பை ஓட்டுவதற்காகப் பிறந்தது! இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஆட்கள் கையால் தூக்கிச் செல்லத்தக்க எடை குறைந்த தீயணைப்புப் பம்பு இங்கிலாந்துக்குத் தேவைப்பட்டது. கவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்களான வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் அலுமினியத்தால் ஓர் எஞ்சினைச் செய்தனர். அளவு 1020 சி.சி.; ஆற்றல் 38 குதிரைத்திறன் அளவு. அதைக் கண்ட பந்தயக்காரர்கள் விடுவார்களா? எஞ்சினை 1098 சி.சி. ஆக்கினர், வால்வுகள் நீண்ட நேரம் திறந்திருக்கும்படி கேம் தண்டை மாற்றினர், கார்புரேட்டரைப் பெருக்கினர், சுழலும் வேகத்தைக் கூட்டினர். ஆற்றல் எழுபது குதிரைத்திறனைத் தாண்டியது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு காற்றையும் எண்ணெயையும் எரிக்கிறோம் என்பதே எஞ்சினின் ஆற்றல் என்னும் எளிய இயற்பியல்தான் இங்கே வேலை செய்தது. பம்பு எஞ்சின் செய்து தொடங்கிய அதே நிறுவனத்தின் எஞ்சின்களைப் பூட்டிக்கொண்டுதான் 1959, 1960ஆம் ஆண்டுகளில் ஜாக் பிராபமும், 1963, 1965ஆம் ஆண்டுகளில் ஜிம் கிளார்க்கும் உலகப் பந்தய வாகையர் ஆயினர்.

பம்பு என்றவுடன் நம்மவர்க்கு நினைவுக்கு வரும் ஊர் எது? கோயம்புத்தூர் அன்றோ! பாலக்காட்டிலிருந்து காலை இரயிலேறினால் வாளையாறு கடந்து மதுக்கரை வழியே இரண்டு மணிக்குள் போய்ச் சேரலாம். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின, கிணற்று நீரை இறைக்கப் பம்பும் மோட்டாரும் வேண்டியிருந்தன. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டாரை உள்நாட்டிலேயே செய்துகாட்டினர். வெளிநாட்டு மோட்டாரைப் பார்த்துச் செய்ததுதான். பீளமேட்டிலும் கணபதியிலும் எழுந்த பவுண்டரிகளில் எத்தனையோ இப்படித்தான் தொடங்கின. பார்த்துச் செய்தவர்கள் பிறகு பார்க்காமலும் செய்தார்கள். தீயணைப்புப் பம்பிலிருந்து பந்தயக் காருக்கு அந்த ஊரால் போக முடியும் என்றால், கிணற்றுப் பம்பிலிருந்து பந்தயக் காருக்கு இந்த ஊரால் ஏன் போக முடியாது?

போயிருக்கிறது என்பதே உண்மை. கோவையைச் சேர்ந்த கரிவர்தன் 1980களின் இறுதியில் ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைச் செய்தார். அதில் அவர் பூட்டியது, கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வந்த மாருதி 800 காரின் 796 சி.சி. எஞ்சினை! வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்ய வசதி இல்லாத இளைஞர்க்கும் அதனால் பந்தயத் தளம் திறந்தது. கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் முதலில் ஓட்டிய பந்தயம் ஃபார்முலா மாருதி. 2005இல் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தனைக்கும் அடிப்படை, இருக்கும் எஞ்சினை எடுத்து இல்லாத காரைச் செய்யத் துணிந்த ஒரு மனம்.

இனி, நம் மலைக்கு வருவோம். நான் தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். என் பாட்டனார் போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து கொழுந்து மூட்டை சுமக்க மலையேறியவர். இன்றும் போடிமெட்டிலும் குமுளியிலும் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அந்த ஜீப்புகளை ஓட வைப்பவர்கள் யார்? எல்லைப்புறப் பட்டறைக்காரர்கள். எங்கள் பக்கத்துப் பட்டறையில் எழுபதைக் கடந்த மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். ஓடும் எஞ்சின்மேல் நீண்ட திருப்புளியின் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பார். “மூணாவது பேரிங் போச்சு” என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான் போயிருக்கும். பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சினை உட்கார வைக்க, எந்தத் தாங்கியை எவ்வளவு நகர்த்த வேண்டும், கியர் பெட்டியோடு எப்படி நேர்கோட்டில் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. எந்தக் காகிதத்திலும் அவர் எழுதி வைக்கவில்லை. அவருடைய மக்கள் ஒருவர் திருப்பூரிலும் ஒருவர் வளைகுடா நாட்டிலும் இருக்கின்றனர். பட்டறையில் இப்போது அவருக்குக் கையாள் இல்லை.

நானோ உதவித்தொகையில் படித்து இயற்பியல் முதுகலைக்கு வந்திருக்கிறேன். அலுமினியக் கலவை உலோகங்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். கருவியில் துண்டை வைத்துப் பொத்தானை அழுத்தினால் வரைபடம் வருகிறது, நன்றாகத்தான் வருகிறது. ஆனால் ஒரு சிலிண்டர் பிளாக்கை வார்க்கச் சொன்னால் நானும் என் வகுப்புத் தோழர்களும் விழிப்போம். மேஸ்திரிக்கோ வார்த்த பிளாக்கில் எங்கே விரிசல் விடும் என்று தெரியும். ஏன் விடும் என்று கேட்டால், “அது அப்படித்தான் தம்பி” என்பார். அவருக்கு ‘எங்கே’ தெரியும்; எனக்கு ‘ஏன்’ தெரியும். இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சேராமலே அவர் காலம் முடிந்துவிடுமோ என்பதே என் கவலை. நம்மில் பலருடைய வீட்டிலும் இதே கதைதான். நாம் படிப்பதற்காகத் தந்தையர் கையால் உழைத்தார்கள். படித்த நாமோ அந்தக் கைவேலையையே கீழாக எண்ணப் பழகிவிட்டோம்.

“படியெடுப்பதில் என்ன அறிவு இருக்கிறது?” என்பது ஒரு கேள்வி. ஒரே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். அலுமினியப் பிளாக்கினுள் வார்ப்பிரும்பு லைனரைப் பொருத்த வேண்டும். சூடு ஏறினால் இரண்டும் விரியும். ஆனால் அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். விட்டம் 75 மி.மீ. என்றும், வெப்பம் 80 டிகிரி ஏறுகிறது என்றும் கொண்டால், இரண்டுக்கும் இடையே 0.07 மி.மீ. அளவு வேறுபாடு வருகிறது. ஒரு தலைமயிரின் கனம்! அந்த மயிரிழையைக் கணக்கில் கொள்ளாமல் பொருத்தினால் குளிரில் இறுகி நிற்கும் லைனர் சூட்டில் தளர்ந்து ஆடும். இன்னொன்று: உருகிய அலுமினியம் உறையும்போது சுருங்கும்; ஆகவே மரப் பேட்டர்னை நூற்றுக்கு ஒன்றேகால் பங்கு பெரிதாகச் செய்ய வேண்டும். 300 மி.மீ. நீளமுள்ள பிளாக்கில் அது 4 மி.மீ. மணலில் ஈரம் இருந்தால் உருகிய உலோகம் ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும், உறையும்போது அது குமிழாகி வெளிவரும், பிளாக் சல்லடையாகும். பழைய எஞ்சினின் வடிவத்தை அளவுகோலால் எடுத்துவிடலாம். அதை வார்த்தவனுடைய அறிவை அளவுகோலால் எடுக்க முடியாது. அதை நாமே திரும்பக் கண்டுபிடித்தாக வேண்டும். படியெடுப்பவன் பெறும் படிப்பு இதுதான்.

“மின்சாரக் கார் வரும் காலத்தில் பெட்ரோல் எஞ்சின் எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வியே. மின்சாரக் காரின் மோட்டார்க் கூடும் அலுமினிய வார்ப்புத்தான். கியர் பெட்டியும் வார்ப்புத்தான். அங்கும் வெப்பம் உண்டு, விரிவு உண்டு, பேரிங் உண்டு. அதோடு, எஞ்சினின் பிழை காதுக்குக் கேட்கும், மூக்குக்குத் தெரியும், கையில் சுடும். கற்பவனுக்கு அதைவிட நேர்மையான ஆசிரியர் இல்லை.

“கல்லூரி மாணவர்க்கெனக் கார் செய்யும் போட்டிகள் இருக்கின்றனவே, அவற்றில் சேரலாமே” என்பாரும் உளர். செட்டிப்பாளையத் தளத்திலேயே ‘ஃபார்முலா பாரத்’ போட்டி நடக்கிறது, பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அங்கு வரும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவற்றின் இதயம், மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்துப் பூட்டிய எஞ்சினே. கூட்டைச் செய்வதில் அவர்கள் வல்லவர்கள். எஞ்சினை வார்ப்பது அவர்களுடைய நோக்கமன்று. நமக்கு அதுவே நோக்கம்.

சட்டத்தையும் மறைக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகனத்தை விருப்பம்போல் மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், உற்பத்தியாளர் குறித்த அமைப்பை மாற்றக்கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆகவே நாம் செய்யும் கார் பொதுச் சாலையில் ஓடாது, ஓடவும் கூடாது. பந்தயத் தளத்தில், உரிய அனுமதியோடும், ஓட்டுபவன் தலைக்குமேல் உறுதியான பாதுகாப்பு வளையத்தோடும் மட்டுமே ஓடும். மேலும், இது படி என்பதைக் காரின்மேல் எழுதியே வைக்க வேண்டும். பழையதென்று சொல்லிப் புதியதை விற்போரின் கூட்டத்தில் நாம் சேர வேண்டாம்.

செலவைப் பற்றி அஞ்சுவோர்க்கு ஒரு வழி சொல்கிறேன். முழுக் காருக்கு இன்றே பணம் கேட்க வேண்டாம். முதல் ஆண்டில் எஞ்சின் மட்டும். அதுவும் மேசைமேல் நின்று ஓடும் எஞ்சின். பேட்டர்ன் செய்வது நம் வேலை. வார்ப்பைப் பழகிய கோவைப் பவுண்டரியில், அங்குள்ளோர் மேற்பார்வையில் செய்விப்போம். எழுநூறு டிகிரியில் உருகிக் கொதிக்கும் உலோகத்தோடு விளையாட்டு வேண்டாம். கிராங்கு தண்டையும் பிஸ்டனையும் கடையில் கிடைக்கும் அளவுக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்வோம். மூன்று முறை வார்த்தும் பிளாக் தேறாவிட்டால், அந்த ஆண்டோடு நிறுத்திக் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் ஒப்படைப்போம். எஞ்சின் ஓடினால் மட்டும் இரண்டாம் ஆண்டில் கூட்டைப் பற்றிப் பேசுவோம்.

தமிழ் மன்றத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்டோர்க்கு விடை கூறி முடிக்கிறேன். செய்யும் ஒவ்வொரு நாளும் ஒரு குறிப்பேடு எழுதப்பட வேண்டும். அது தமிழில் எழுதப்பட வேண்டும். பட்டறைக்காரர் வாயில் வழங்கும் சொல்லை அப்படியே எடுத்து, அதன் பொருளையும் அளவையும் காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். வண்டிப்பெரியாறு, மறையூர், சித்தூர், கொழிஞ்சாம்பாறை எனப் பல ஊர்களிலிருந்து நாம் இங்கே வந்திருக்கிறோம். அவ்வூர்ப் பட்டறைகளில் உள்ள முதியவர்களை அழைத்துவந்து, மேடையில் பொன்னாடை போர்த்துவதற்கு மாறாக, எஞ்சின் அருகே நாற்காலியிட்டு உட்கார வைப்போம். அவர்கள் சொல்லட்டும்; நாம் செய்வோம்; நம் தம்பியர் எழுதட்டும். ஆண்டு விழாவில் ஒரு நாள் இசைக்கும் ஒலிபெருக்கிச் செலவில் பாதி இதற்குப் போதுமா என்பதைச் செயற்குழு கணக்கிட்டுச் சொல்லட்டும். உறுப்பினர் ஒவ்வொருவரும் பொதுக்கூட்டத்துக்கு வந்து, ஆதரித்தோ எதிர்த்தோ கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன். அந்த மேஸ்திரிக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது என்பதை மட்டும் மறவாமல் வாக்களியுங்கள்.