கொம்பு முளைத்த தேநீர்

தேநீரைச் சூடாகக் குடிக்க வேண்டும். ஆறிப்போனால் கொட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம் இது. அப்படிப்பட்ட வீட்டில், தேநீரை ஒரு வாரம் மூலையில் வைத்துப் புளிக்கவிட்டுக் குடிக்கப்போகிறேன் என்று நான் அறிவித்தால் கேட்க வேண்டுமா?

"அப்படி அந்தத் தேநீருக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது?" என்றார் என் கணவர்.

"ஆமாம், பெயரே கொம்புச்சாதான்!" என்றேன்.

மாடி வீட்டு மாமி கொடுத்த உபயம் அது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் புளித்த தேநீர். அதன்மேல் இளநீர் வழுக்கை மாதிரி ஒரு வட்டத் தகடு. பார்க்க அவ்வளவு லட்சணமாக இல்லை. ஆனால், தயிருக்கு உறைமோர் எப்படியோ, இதற்கு அதுதான் உறை. 'தாய்' என்றும் சொல்கிறார்கள்.

சீனாவின் வடகிழக்குப் பகுதியில் தோன்றிய பானம் என்கிறார்கள். ரஷ்யர்கள் இதற்குத் 'தேயிலைக் காளான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சோவியத் காலத்தில் எத்தனையோ வீடுகளின் ஜன்னலோரத்தில், வாயில் துணி கட்டிய மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடியில் இது மிதந்துகொண்டிருந்தது. ஜப்பானில் போய் 'கொம்புச்சா' கேட்டால் மட்டும் ஏமாந்துபோவீர்கள். அங்கே கடற்பாசியில் போட்ட உப்புத் தேநீர்தான் வரும்!

உண்மையில் இது காளானே அல்ல. ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தையும் வாயுவையும் உண்டாக்கும். பாக்டீரியா அந்தச் சாராயத்தைப் புளிப்பாக மாற்றும். அதற்குக் காற்று வேண்டும். ஆகவேதான் மூடி போடாமல் துணி கட்டுவது.

செய்முறை சுலபம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரண்டு தேக்கரண்டி தேயிலையும் 75 கிராம் சர்க்கரையும் போடுங்கள். பால் கூடாது. பத்து நிமிஷம் கழித்து வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு உறை ஊற்றினால் தயிர் தோயுமா? இதுவும் அப்படித்தான். ஆறிய பிறகு, முன்பு புளித்த தேநீர் 150 மில்லியும் அந்தத் தகடும் சேர்த்து, நெருக்கமான துணியால் வாயைக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். குளிர்ந்த இடங்களில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். சென்னை வெயிலில் ஐந்தாம் நாளே ருசி பார்க்கலாம்.

பழைய புளிப்புத் தேநீரைச் சேர்ப்பதில் கஞ்சத்தனம் கூடாது. புளிப்புத்தான் இங்கே காவல்காரன். கெட்ட கிருமிகளை அண்டவிடாது. பி.எச். காகிதம் என்று ஒன்று விற்கிறது. அதை நனைத்துப் பார்த்தால் 4.2-க்குக் கீழே காட்ட வேண்டும். 2.5-க்கும் கீழே போனால் அது பானமல்ல, வினிகர்! பழுப்பு நூல்கள் மிதந்தால் பயமில்லை, அது ஈஸ்ட். ஆனால் மேலே பஞ்சு மாதிரி பச்சையாகவோ, கறுப்பாகவோ, வெள்ளையாகவோ பூசணம் பூத்தால், தகடு உட்பட அத்தனையையும் கொட்டிவிடுங்கள். மேலாக வழித்துவிட்டுக் குடிப்பது ஆபத்து.

இந்தக் காவல்காரன் சில சமயம் திருடனாகவும் மாறுவான். என் மாமியார், தம் மாமியார் காலத்துப் பீங்கான் ஊறுகாய் ஜாடியை ஆசையாக எடுத்துக் கொடுத்தார். நானும் துடைத்து வைத்தேன். நல்ல வேளை, ஊற்றவில்லை. சில பழைய ஜாடிகளின் பளபளப்புப் பூச்சில் காரீயம் இருக்கும்; புளிப்பு அதைக் கரைத்து இழுத்துவிடும். ஆஸ்திரேலியாவில் பீங்கான் பானையில் செய்த கொம்புச்சாவால் உடம்பில் காரீய விஷம் ஏறிய சம்பவம் 1998-ல் அந்நாட்டு மருத்துவப் பத்திரிகையில் வந்திருக்கிறது. எந்த ஜாடியில் காரீயம் உண்டென்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பித்தளை, செம்பும் வேண்டாம். புளி பட்டால் களிம்பு ஏறும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே? கண்ணாடிதான் உத்தமம்.

முதல் தடவை அருமையாக அமைந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு மாதக் கர்ப்பிணியான என் நாத்தனார் வந்திருந்தாள். பெருமையோடு ஒரு டம்ளர் நீட்டினேன். அவளும் வாயருகே கொண்டுபோய்விட்டாள். மாமியார் சட்டென்று டம்ளரை வாங்கி வைத்தார்.

"ஏண்டியம்மா, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இதைக் கொடுக்கலாமா? டாக்டரைக் கேட்டாயோ?"

எனக்குச் சுருக்கென்றது. பழைய காலத்துப் பயம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மறுநாள் டாக்டரைக் கேட்டேன். "கொடுக்கவே கூடாது" என்றார். இது கொதிக்கவைக்காத பானம். கொஞ்சம் சாராயச் சத்தும் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நீங்கள் சொன்னதுதான் சரி" என்றேன். அன்று ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் என் கை நடுங்குகிறது.

மற்றவர்களுக்கும் அளவு உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1995-ல் தினம் இதைக் குடித்துவந்த இரண்டு பெண்கள் கடும் நோய்க்கு ஆளாகி, ஒருவர் இறந்தார். இதனால்தான் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும், ஆரோக்கியமானவர்கள் நாளுக்குச் சுமார் 120 மில்லி குடித்தால் கெடுதல் இராது என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் அப்போது சொன்னது. அரை டம்ளருக்கும் சற்று அதிகம். அது போதாதா? சர்க்கரையும் முழுக்கத் தீர்ந்துவிடாது, நீரிழிவுக்காரர்கள் கவனிக்க. சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுங்கள்.

கடைசியாக, சேமிப்பு. பாட்டிலில் அடைத்த பிறகும் ஈஸ்ட் சும்மா இராது, வாயு பெருகும். கழுத்துவரை நிரப்பாமல் இடம் விட்டு, ருசி சரியானதும் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். குளிரில் வேலை மெதுவாகுமே தவிர, நிற்காது. மெல்லிய கண்ணாடிப் பாட்டில் வெடித்துவிடும். கனமான சோடாப் பாட்டில்தான் சரி.

நான் ஒரு பாட்டிலை அலமாரியில் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் திறந்ததும் சீறியடித்துச் சமையலறைக் கூரையை நனைத்தது. இப்போதெல்லாம் நான் பாட்டிலும் கையுமாகத் தொட்டியருகே போனால், என் கணவர் குடையை எடுத்துக்கொண்டு வருகிறார்!