தவறியது வக்கீல், தோற்பது கட்சிக்காரரா?

கெடு தவறினால் வழக்கும் போகட்டும் என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். கலிபோர்னியா உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 473(பி) பிரிவு வக்கீல்களைச் சோம்பேறியாக்குகிறதாம்.

பிரிவை முழுதாகப் படித்தாரா? தீர்ப்பு பதிவான ஆறு மாதத்துக்குள், பிழை தன்னுடையதே என்று வக்கீல் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அதனால் வந்த ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீதிமன்றம் ரத்து செய்தாக வேண்டும். கூடவே, எதிர்த்தரப்பின் நியாயமான வக்கீல் கட்டணத்தையும் செலவையும் பிழை செய்த வக்கீலே கட்ட உத்தரவிட வேண்டும். தன் தவறை எழுதிக் கையெழுத்திட்டு, தன் பையிலிருந்து பணமும் கட்டுவது சோம்பேறிக்குச் சலுகையா?

என் குறை வேறு. முழு விசாரணை இல்லாமலே தரப்படும் சுருக்கத் தீர்ப்பைக் கேட்கும் மனுவுக்கு வக்கீல் தாமதமாகப் பதில் தாக்கல் செய்ததால் தோற்றவருக்கு, 1997-இல் அவிலா எதிர் சுவா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைகொடுத்தது. 2001-இல் இங்கிலீஷ் எதிர் ஐகான் வழக்கில் வேறொரு அமர்வு, சுருக்கத் தீர்ப்பு இப்பிரிவுக்குள் வராது என்று கதவைச் சாத்தியது. சட்டத்திலுள்ள ‘ஒருதலைப்பட்சத் தீர்ப்பு’ என்ற சொல்லை அப்படிப் படிக்க இடமுண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதில் ஏறாத வழக்குக்கட்டில் நீதிபதி பார்ப்பது ஒரு தரப்பின் காகிதங்களைத்தான். பனைமரத்தில் தேள் கொட்ட, தென்னைமரத்தில் நெறி கட்டுகிறது. சட்டமன்றம் அந்தச் சொல்லைத் திருத்தட்டும்.