பூனை கத்துகிறது என்று கொண்டுபோய் விடாதீர்கள்



பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் 45 நிமிஷம் உட்கார்ந்தவர்கள் நீங்கள், 5 நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வாட்ஸ்அப்பில் எனக்கு இரண்டு செய்தி வந்தது. ஒன்று, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் அனுப்பியது. இப்போது திருச்சியில் நல்ல வேலையில் இருக்கிறான். மகள் பிறந்தநாளுக்குச் சயாமீஸ் பூனைக்குட்டி வாங்கி, நீலக் கண் தெரிகிற மாதிரி படம் எடுத்து, "எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டிருந்தான். இன்னொன்று, சொந்தத்தில் ஒரு பெண். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே மாதிரி படம் அனுப்பியவள்தான். "பெரியம்மா, பூனை ராத்திரி பூரா கத்துது. வீட்டுக்காரர் திட்டுறார். மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டா அது பிழைச்சுக்கும்ல?" என்கிறாள்.

பிழைத்துக்கொள்ளாது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. யாருக்காவது சுருக்கென்று தைத்தால் தைக்கட்டும்.

வீட்டுக்குள் பிறந்து வீட்டுக்குள் வளர்ந்த பூனைக்கு நாய் தெரியாது, பைக் தெரியாது. மார்க்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் கடுவன்கள் புதிதாக வந்ததை உள்ளே விடாது. பட்டினி கிடந்தோ அடிபட்டோ போய்ச் சேரும். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. வேண்டாததைக் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று அது கற்றுக்கொள்ளும். நாளைக்கு நமக்கும் வயதாகும் கண்ணு.

நான் பிறவியிலேயே பூனைப் பிரியை இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன் அண்ணன் மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போகும்போது ஆலங்குடியில் என் வீட்டில் ஒரு கூடையை இறக்கிவிட்டுப் போனான். "ரெண்டே மாசம் அத்தை" என்றான். அந்த இரண்டு மாதம் இன்னும் முடியவில்லை. அதற்கு நீலா என்று பெயர் வைத்தேன். அவளிடம் கற்றதையும் கால்நடை மருத்துவர் சொல்லிக் கொடுத்ததையும்தான் சொல்கிறேன்.

முதல் பாடம், கத்தல். சயாமீஸ் கத்தும். அந்த இனத்தின் சுபாவமே அது. தாய்லாந்தின் பழைய பெயர் சயாம். மலேயாவுக்குத் தாத்தாவை அனுப்பிய நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பெயர் மரண ரயிலை நினைவுபடுத்தும். அந்த ஊர்ப் பழஞ்சுவடிகளிலேயே இந்தப் பூனைக்குப் படமும் பாட்டும் உண்டு. 1884-இல் பாங்காக்கில் இருந்த ஆங்கிலேயத் தூதர் ஒரு ஜோடியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகமெல்லாம் பரவியது. போன இடமெல்லாம் அது பேசிக்கொண்டேதான் இருந்தது. பசித்தால் ஒரு குரல், கதவைத் திறக்க ஒரு குரல், நாம் போனில் பேசினால் அதற்கும் ஒரு பதில். கைக்குழந்தை அழுவது போலவே இருக்கும். வாங்குகிற அன்றைக்கே யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே! நீங்கள் கேட்டது விலையும் கண்ணின் நிறமும்தானே?

கத்துவதற்கு இன்னொரு காரணம் தனிமை. மற்ற பூனைகளைவிட இதற்கு ஆள் துணை அதிகம் வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், பிள்ளை பள்ளிக்குப் போய், காலை எட்டு முதல் மாலை ஆறு வரை பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒற்றைச் சயாமீஸ் வளர்ப்பது கொடுமை. பகல் முழுக்கத் தூங்கிவிட்டு ராத்திரிதான் அது உங்களிடம் கணக்குக் கேட்கும். தினமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு கயிற்றை இழுத்து விளையாடுங்கள். பிறகு சாப்பாடு வையுங்கள். ராத்திரிக் கத்தல் பெரும்பாலும் குறையும்.

பருவத்துக்கு வந்த பெட்டை என்றால் கத்தல் இன்னும் அதிகம். சயாமீஸ் ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம். கருத்தடை செய்யுங்கள் என்றால் "பாவம் அத்தை, இயற்கைக்கு விரோதம்" என்கிறீர்கள். ஒன்பது வாரத்தில் ஒரு ஈற்று, நாலைந்து குட்டி. அதைச் சாக்கில் கட்டிக் கோயில் வாசலில் வைத்துவிட்டு வருகிறீர்களே, அது எந்தக் கணக்கில் சேரும்? பால்குடி மறக்காத குட்டிகள் எறும்பு மொய்த்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது பாடம், நிறம். "டீச்சர், வெள்ளைக் குட்டின்னு கொடுத்து ஏமாத்திட்டான், நாளாக நாளாகக் கறுத்துட்டே போகுது" என்று ஒருவர் புகார் சொன்னார். யாரும் ஏமாற்றவில்லை. இதன் உடம்பில் கறுப்பு நிறத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிர்ச்சியில்தான் வேலை செய்யும். தாய் வயிற்றின் கதகதப்பில் இருந்து வருவதால் குட்டி வெளுப்பாகப் பிறக்கிறது. பிறகு சூடு குறைந்த இடங்களான காது, மூக்கு, பாதம், வால் கறுக்கின்றன. இதே தன்மையுள்ள முயலின் முதுகில் முடியை மழித்து, பனிக்கட்டி கட்டி வைத்துப் பார்த்தார்கள். அந்த இடத்தில் கறுப்பு முடி முளைத்தது. வயது ஏற ஏற உடம்பும் கொஞ்சம் மங்கும். பெண் பார்க்கப் போகும் இடத்தில் நிறம் பார்க்கிற புத்தியைப் பூனை வரைக்கும் கொண்டுவந்துவிட்டோம்!

மூன்றாவது, சாப்பாடு. பூனை பால் குடிக்கும் என்பது நம் பாடப் புத்தகம் செய்த வேலை. நானும் அந்தப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தியவள்தான். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். தயிர் சாதமும் இட்லியும் அதற்கு உணவே இல்லை. டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண் பார்வை போகும், இதயம் கெடும். உப்பு, காரம், வெங்காயம், பூண்டு போடாமல் வேகவைத்த கோழிக்கறியோ மீனோ கொடுங்கள். வேகவைத்த எலும்பு கூடாது. கூடவே பூனைக்கென்று விற்கும் முழுச்சத்துத் தீனி கொடுங்கள். வீட்டில் கறி மீன் நுழையக் கூடாது என்பவர்கள் தயவுசெய்து பூனை வாங்காதீர்கள். உங்கள் கொள்கைக்குப் பூனையைப் பட்டினி போடாதீர்கள்.

நான்காவது, மருந்து. இதை எழுதக் கை கூசுகிறது. பணியில் இருந்த காலத்தில் கொல்லைப்புறம் வந்துகொண்டிருந்த ஒரு செவலைப் பூனைக்கு உடம்பு கொதித்தது. பாரசிட்டமால் மாத்திரையில் கால் துண்டைப் பொடித்து மீனில் வைத்துக் கொடுத்தேன். குழந்தைக்கே கொடுக்கிறோமே என்று நினைத்தேன். மறுநாள் முகம் வீங்கி, ஈறு பழுப்பாகி, மூச்சுக்குத் திணறியது. சாயங்காலம் போய்விட்டது. அந்த மாத்திரையை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை என்று பிறகுதான் மருத்துவர் சொன்னார். 34 வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுத்தவள், தெரிந்தவர் ஒருவரிடம் கேட்காமல் ஒரு உயிரைக் கொன்றேன். ஆகவே, நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நாய்க்கு விற்கும் உண்ணி மருந்தையும் தடவாதீர்கள். அதில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி வராமல் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். எட்டு வாரத்தில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். வெறிநாய்க்கடி ஊசி பூனைக்கும் உண்டு. அரசு கால்நடை மருத்துவமனை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

"மனுஷனுக்கே வழியில்லாதபோது பூனைக்கு இவ்வளவா?" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். ஆனால் உங்களைப் பூனை வாங்கச் சொன்னது யார்? வசதி இல்லாதவர்கள் வாங்குவதில்லை. வசதி இருப்பவர்கள்தான் பல ஆயிரம் கொடுத்து வாங்கிவிட்டு, ஊசிக்கு வரும்போது ஏழையாகிவிடுகிறார்கள். சயாமீஸ் 15 வருஷம் வாழும். இன்றைக்கு ஆறாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் கல்யாணமாகிப் போகும் வரை அது இருக்கும். இதை முடியும் என்று நினைத்தால் வாங்குங்கள். பிள்ளைக்குப் பூனைதான் வேண்டுமென்றால் சயாமிலிருந்து வர வேண்டும் என்று என்ன கட்டாயம்? வெருகு என்றும் பூசை என்றும் தொல்காப்பியமே பேர் சொல்கிற பூனை உங்கள் கொல்லையில் நிற்கிறது. அதற்கு ஒரு ஊசி போட்டு, ஒரு கருத்தடை செய்து, ஒரு கை மீன் வையுங்கள்.

திருச்சிப் பையனுக்கு: கண்ணு, படம் அழகாக இருக்கிறது. நான் எழுதியதை மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. தினமும் தண்ணீர் மாற்றுவதும் மணல் தட்டைச் சுத்தம் செய்வதும் அவள் வேலையாக இருக்கட்டும்.

அந்தப் பெண்ணுக்கு: மீன் மார்க்கெட்டுக்குப் போகாதே அம்மா. முதலில் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய். ஒரு மாதம் பார். அப்படியும் முடியவில்லை என்றால் ஆலங்குடிக்கு பஸ் ஏறு. நீலாவுக்கு ஒரு தங்கை வந்தால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் கூடையை இறக்கிவிட்டு ஓடக் கூடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதுதான் என் நிபந்தனை.

லைக் போட வேண்டாம். பூனை வாங்கலாமா என்று யோசிக்கிற ஒருவருக்கு இதை அனுப்புங்கள், போதும்.

உங்கள் டீச்சர்,
ஆலங்குடி